தொகுதிக் கல்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஓடைக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: நெடுங்கரை ஊர்த் தலைவர் மலையாண்டி அம்பலம்; அவர் மகள் சொர்ணவல்லி; அவர் தங்கை காத்தாயி; ஓடைக்கு மேற்கே வெள்ளைக்கரட்டிலிருந்து வந்த சம்பந்தி சோலையப்பன்; சோலையப்பனின் மனைவி சின்னப்பிள்ளை; ஆவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் சூசைராஜ்; குறி சொல்லும் எல்லைச்சாமி; எல்லைச்சாமி நட்டு வைத்த கல். இவர்கள் போக, கறம்பக்குடிச் சந்தைக்குப் போயிருக்க வேண்டிய கூட்டத்தில் பாதி. மாப்பிள்ளை அடைக்கலம் வரவில்லை. தன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ள அவனை யாரும் அழைக்கவில்லை.

தாங்கள் அன்று அங்கே இல்லவே இல்லை என்று பின்னால் பலர் சொன்னார்கள். இருந்தார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தலில் நெடுங்கரையும் வெள்ளைக்கரடும் ஒரே தொகுதியில் இருந்தன. ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு முன்பு சர்க்கார் தொகுதிகளைப் பிரித்து எழுதியது. ஓடைக்குக் கிழக்கே இருந்த நெடுங்கரை ஒரு தொகுதிக்குப் போயிற்று. மேற்கே இருந்த வெள்ளைக்கரடு இன்னொன்றுக்குப் போயிற்று. இரண்டுக்கும் சர்க்கார் வைத்த பெயர்கள் உண்டு. ஊரார் கிழக்குத் தொகுதி, மேற்குத் தொகுதி என்றார்கள். கோடு சர்க்கார் காகிதத்தில் இருந்தது. தரையில் ஒன்றுமில்லை. ஆடுகள் வழக்கம்போல அங்கிட்டும் இங்கிட்டும் மேய்ந்தன.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் எல்லைச்சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் இருளாண்டி. ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டார். மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார். "இதுதான் தொகுதிக் கல். இதுல எல்லையம்மன் ஒக்காந்திருக்கா" என்றார். சர்க்கார் மறந்த வேலையை ஒரு மனிதர் ஞாபகமாகச் செய்கிறாரே என்று இரண்டு ஊரும் நெகிழ்ந்துபோயின.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் ஊர் எல்லையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி ஓர் எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுவார்கள். ஓர் ஊரின் எல்லைக்கே ஒரு பழம் என்றால், பல ஊர்கள் சேர்ந்த தொகுதியின் எல்லைக்கு எவ்வளவு வேண்டும்? இதைச் சாமிதான் முதலில் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். ஓர் ஆடு.

சின்ன விஷயங்களுக்குச் சேவல் போதும் என்று அம்மன் இறங்கி வந்தாள். ஓடைக்கு அந்தப்புறம் மாடு வாங்கியவன் சேவல் கொடுத்தான். அந்தப்புறம் நிலம் வைத்திருந்தவன் விதைநெல்லைக் கொடுத்துவிட்டு, விதைக்க நெல்லில்லாமல் உட்கார்ந்திருந்தான். தொகுதி தாண்டி விதைத்தால் முளைக்காது என்ற ஆபத்திலிருந்து தப்பிவிட்டதில் அவனுக்குத் திருப்தி.

அம்மனின் சம்மதத்தை அறியப் பூக் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டி, சாமி கல்லின் முன்னால் போடுவார். கேட்க வந்தவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் தடை. எடுக்காத பொட்டலத்தைச் சாமி உடனே தணலில் போட்டுவிடுவார். அம்மன் வேண்டாம் என்று தள்ளிய பூவை மனிதக் கண் பார்க்கக்கூடாதாம்.

கிழக்குத் தொகுதியில் மூன்று பேர் தேர்தலுக்கு நின்றார்கள். மூவரின் ஆட்களும் ஆளுக்கொரு பொழுதில் வந்து, தங்கள் ஆள் ஜெயிப்பாரா என்று பூக் கேட்டார்கள். மூவருக்கும் வெள்ளையே வந்தது. மூவரும் கல்லுக்குப் பட்டு சாத்தினார்கள். அந்தத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான் என்பது மூவருக்கும் தெரியும். மற்ற இருவரும் வந்துபோனதுதான் தெரியாது.

மலையாண்டி அம்பலம் இந்தக் கல்லைத் தேடிப் போனவரல்ல. ஐப்பசியில் சோலையப்பன் வீட்டாரோடு வெற்றிலை மாற்றி, சொர்ணவல்லியை அடைக்கலத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அம்பல வீட்டில் கொடுத்த வாக்கு திரும்பியதில்லை. வாங்கிய வாக்கைத் திருப்ப எவனையும் விட்டதுமில்லை. பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. நிச்சயம் முறிந்த பெண் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், அது அவளோடு நிற்காது, வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பூக் கேட்கப் போனவர்கள் சம்பந்தி வீட்டார். சிவப்பு வந்தது. அம்பலம் ஓர் ஆட்டை அனுப்பினார். மறுபடி கேட்டார்கள். மறுபடி சிவப்பு. இன்னோர் ஆடு போயிற்று. அப்புறம் சின்னப்பிள்ளை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: "இன்னொரு தடவை செவப்பு வந்தா வெத்தலையத் திருப்பிருவோம். எனக்கு எம்மவன் உசுரு பெருசு."

தன் வீட்டு வழக்கில் தான் இல்லாமல் தீர்ப்பு ஆவது சரியல்ல என்று அம்பலம் அந்த வெள்ளிக்கிழமை தாமே வந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்கள். துண்டு தோளிலேயே கிடந்தது.

சூசைராஜ் வாத்தியார்தான் பேச்சைத் தொடங்கினார். "தொகுதிங்கிறது யாரு எந்த ஆளுக்கு ஓட்டுப் போடணும்ங்கிறதுக்காகப் பிரிச்சதுங்க. கல்யாணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"அப்ப நீங்க எதுக்கு வாத்தியாரே இங்கிட்டு வந்தீங்க?" என்றார் சோலையப்பன்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

வாத்தியாரின் கக்கத்தில் ஒரு சேவல் இருந்தது. ஆவூருக்கே மாற்றல் கிடைக்குமா என்று அவரும் சும்மா பார்க்க நினைத்திருந்தார். "மாதா கோயில் பங்குச் சாமியாரு காதுக்குப் போயிராம பாத்துக்கங்க" என்று பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

எல்லைச்சாமி கண்ணைத் திறந்தார். "வாங்க அம்பலாரே. மொதல்லயே சொல்லிப்புடுறேன். இந்தவாட்டியும் செவப்பு வந்தா அம்மனுக்கு ஆடு பத்தாது. ஒங்க மயிலைக் காளை ரெண்டையும் கல்லுக்கிட்ட கட்டிப்புட்டுப் போங்க. அதுக்கப்புறம் கேளுங்க, வெள்ளை வரும்."

வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கூட்டம் அவருடைய ஞானத்தை வியந்தது.

சாமி கல்லுக்குப் பின்னால் குனிந்து எழுந்து, இரண்டு பொட்டலங்களைப் போட்டார். உடுக்கையை எடுத்து அதிர அடித்தார். சின்னப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொர்ணவல்லி தரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பலம் ஒன்றை எடுத்து நீட்டினார். சாமி நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

"போச்சு" என்றாள் சின்னப்பிள்ளை.

சாமி மற்றப் பொட்டலத்தைத் தணலில் போடக் குனிந்தார். அம்பலத்தின் கைத்தடி குறுக்கே வந்து நின்றது.

"அதை வையி."

"என்னங்க?"

"அதையும் பிரி."

"அம்பலாரே, அது தெய்வம் தள்ளுன பூ. பாத்தா கண்ணவிஞ்சு போகும்" என்றார் சாமி.

"எங்க சாவடியில ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதே கெடையாது. எங்க பாட்டன் சொன்னதில்லை, எங்கப்பன் சொன்னதில்லை. ஒரு பொட்டலம் சொன்னதைக் கேட்டாச்சு. அந்தப் பொட்டலம் என்ன சொல்லுதுன்னும் கேப்போம். காளைய மாட்டேங்கலை. அது வெள்ளையா இருக்கட்டும், எடுத்த என் கை ராசி இல்லாத கைன்னு ஒத்துக்கிறேன். நானே காளைய ஓட்டியாந்து கட்டுறேன்."

"கண்ணு போயிருமுங்க!"

"போனா எங்கண்ணுதானே. அறுவது வருசமா இந்த ஊரைப் பாத்தாச்சு. புதுசா பாக்க ஒண்ணுமில்லை."

சாமி பிரிக்கவில்லை. அம்பலமே எடுத்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. முறை முறையாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாரை அவசரமில்லாமல் அவிழ்த்தார். இலையை விரித்தார்.

உள்ளே இருந்ததும் சிவப்பு.

அம்மனுக்குத் தன் மேல் இத்தனை கோபமா என்றுதான் அம்பலம் முதலில் நினைத்தார். கூட்டமும் அப்படியே நினைத்தது. இரண்டு பொட்டலமும் மறுத்துவிட்டனவே என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். காத்தாயிதான் கிட்டே வந்து இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்ணே, ரெண்டும் செவப்புன்னா எதை எடுத்தாலும் செவப்புத்தானே வரும்?"

எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

"தொகுதி புதுசும்மா" என்றார் எல்லைச்சாமி. "அம்மனுக்கு இன்னும் பழகலை. பூ ஒண்ணு போல மாறிப்போகும்."

"அப்படியா? அந்தப் பையில இருக்கிறதும் மாறிப்போயிருக்கான்னு பாப்பமே" என்று காத்தாயி கல்லுக்குப் பின்னாலிருந்த துணிப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். கட்டித் தயாராக வைத்திருந்த பொட்டலங்கள் தனித்தனி முடிச்சில் இரண்டு கூறாக விழுந்தன. பெண்கள் உட்கார்ந்து, அவரைக்காய் ஆய்வதுபோலப் பிரித்தார்கள். ஒரு கூறு முழுக்கச் சிவப்பு. ஒரு கூறு முழுக்க வெள்ளை.

கூட்டத்தில் நின்ற வேட்பாளரின் ஆள் ஒருவன் கேட்டான்: "அப்ப எங்காளுக்கு வந்த வெள்ளை?"

"ஒங்காளுக்குமா?" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் கேட்காமல், கல்லில் சாத்தியிருந்த தன் பட்டுத்துணியை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

கூட்டத்துக்கு வீரம் வந்துவிட்டது. சாமியை அடிக்க வேண்டும் என்றார்கள். அம்பலம் தடியை ஊன்றி நடுவே நின்றார். "அடிக்கிறதுன்னா ஒரு மொறை இருக்கு. ஆடு கொண்டாந்தவன் மொதல்ல தன்னை ரெண்டு போட்டுக்கிறட்டும். சேவல் கொண்டாந்தவன் ஒண்ணு போட்டுக்கிறட்டும். மிச்சம் கையில தெம்பு இருந்தா இவங்கிட்ட வாங்க. ரெண்டு ஆடு குடுத்தவன் நான். நாந்தான் முன்னால நிக்கிறேன்."

ஒருவரும் தொடங்கவில்லை. இருளாண்டி உடுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்குத் தொகுதி வழியாக நடந்தார். வாத்தியாரின் சேவல் பிழைத்தது.

சின்னப்பிள்ளை நெருங்கி வந்தாள். "தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணே. பெத்த வயிறு. பயந்துட்டேன்."

"எங்க வாக்கு வெச்ச எடத்துலயே இருக்கு தாயி. நீங்கதான் எடுத்து எடுத்துப் பாத்தீங்க."

"அத்தை, அந்த ரெண்டு ஆட்டையும் எனக்குப் போடுற சீருல எழுதிக்கங்க" என்று சின்னப்பிள்ளையிடம் சொன்னாள் சொர்ணவல்லி. பெண் பேசுகிறாள் என்று யாரோ முகம் சுளித்தார்கள். அம்பலம் சுளிக்கவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. ஓடையில் வண்டி நிற்கவில்லை. அதற்கப்புறம் வாக்குப்பதிவு வந்தது. சொர்ணவல்லியின் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில்தான் இருந்தது. மேற்குத் தொகுதியிலிருந்து ஓடையைத் தாண்டி வந்து கிழக்குத் தொகுதிப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, மறுபடி தாண்டிப் போய் அடைக்கலத்துக்குச் சோறு வடித்தாள். கிழக்குத் தொகுதியில் வெள்ளைப் பூ வந்த மூவரில் இருவர் தோற்றார்கள்.

நெடுங்கரையில் ஒரு பேச்சு உலவுகிறது. மலையாண்டி அம்பலம் மலையாள மாந்திரீகம் கற்றவர், பொட்டலத்துக்குள் இருந்த வெள்ளைப் பூவைப் பார்வையாலேயே சிவப்பாக்கினார் என்று. அவரிடமே குறி கேட்கலாம் என்று வெற்றிலைத் தட்டோடு வந்தவர்கள் உண்டு. தட்டோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பேச்சு பொய். அவருக்கு எந்த மந்திரமும் தெரியாது. மூடியிருந்த இலையைப் பிரித்தார், உள்ளே பார்த்தார். அதற்கு இரண்டு கையும் இரண்டு கண்ணும் போதும். அவை இரண்டு தொகுதியிலும் எல்லாரிடமும் இருந்தன; எடுத்துப் புழங்கத்தான் ஆளில்லை.