கூரையின் கீழ்ப்பாதி

"இன்னொரு வாளி கொண்டு வாங்க" என்று படுக்கையறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தபோது, வீட்டில் வாளி என்று எதுவும் மிச்சமில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாலாவது மாடிதான் கடைசி மாடி. அவர்கள் குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் படுக்கையறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. வெள்ளிக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். வேலையில் இந்த ஊருக்கு மாற்றல். வேறு வீடு கிடைக்கும்வரை அந்த அறைதான் அவளுக்கு. பேத்தியை அவர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

"குழந்தைய எங்க படுக்க வைக்கிறது, குக்கர்லயா?" என்றாள் மனைவி. "மாசம் தவறாம மெயின்டனன்ஸ் கட்டுறோமே, போய்க் கேளுங்க."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் யாரையும் கடிந்து பேசாதவர். இல்லை என்பதைக்கூட உபசரித்துத்தான் சொல்வார்.

"உக்காருங்க. மெயின்டனன்ஸ்ல பொது இடம் மட்டும்தாங்க அடங்கும். படிக்கட்டு, லிஃப்ட், ஜிம், நூலகம். உங்க படுக்கையறை பொது இடமா, நீங்களே சொல்லுங்க."

"மொட்டை மாடி பொதுதானே சார்? தண்ணி அங்கேருந்துதானே வருது?"

"வாஸ்தவம். ஆனா கூரையோட மேல்பாதிதான் சங்கத்தோடது. கீழ்ப்பாதி உங்களோடது. தண்ணி மேல்பாதில இருக்கிற வரைக்கும் எங்க பொறுப்பு. கீழ சொட்டிடுச்சுன்னா உங்க பொறுப்பு."

"அப்ப மேல்பாதியிலயே அடைச்சிடுங்க."

"அங்கதான் ஒழுகலையே."

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. சொந்தச் செலவிலேயே பார்த்துக்கொள்வோம் என்று மறுநாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் மொட்டை மாடியில் ஒரு முழ நீளத்துக்குத் தளத்தைக் கொத்தி முடித்த நேரத்தில் செயலாளர் மேலே வந்தார்.

"பொது இடத்துல தனிநபர் கை வைக்கக் கூடாதுங்க. விதி எண் பதினேழு."

"கொத்தினதையாவது பூசிடுறேன் சார்" என்றார் கொத்தனார்.

"பூசுறதும் கை வைக்கிறதுதானே தம்பி."

கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளம் அப்படியே கிடந்தது. அன்று சாயங்காலம் பெய்த மழையில் மூன்று இடம் ஏழு இடமானது. மனைவி அண்டா, தட்டு, தயிர்ப் பாத்திரம் என்று எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, சமைக்கப் பாத்திரமில்லை என்று வெறும் ரொட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி மெயின்டனன்ஸ் கட்ட மாட்டேன் என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு மணி நேரத்தில் அவருடைய லிஃப்ட் அட்டை வேலை செய்யாமல் போனது. நோட்டீஸ் போர்டில் 'கட்டணம் கட்டாதவர்' என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதையும் அவருடைய கடையில் கண் பரிசோதனை அட்டையில் இருப்பதைப் போல் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவரைச் செயலாளரே தேடி வந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஒரு வழி இருக்கு. அந்த அறையையும் பொது இடம்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. நாளைக்கே ஆள் அனுப்புறேன். எல்லாம் பேப்பருக்காகத்தான்."

லெட்டர் செயலாளரின் சட்டைப் பையிலேயே தயாராக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி. நாள் முழுக்க ஊரையே உட்கார வைத்துப் பொடி எழுத்துப் படிக்கச் சொல்கிற மனிதர், தன் கண்ணாடியை எடுத்து மாட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். பள்ளத்தை மூடினார்கள், பூசினார்கள், வெள்ளையும் அடித்தார்கள். ஒரு சொட்டு இல்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக மனைவி சிரித்தாள். அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. முதல் மாடிப் பல் டாக்டர், கையில் சுருட்டிய விரிப்போடு நின்றார். பின்னால் எட்டுப் பேர்.

"உடற்பயிற்சி வகுப்பு இங்கதானே? போர்டுல போட்டிருக்காங்க. புதுப் பொது அறை, நாலாவது மாடி."

அவர் வாயைத் திறப்பதற்குள் எட்டுப் பேரும் உள்ளே போய், கட்டிலை நோகாமல் தூக்கி ஹாலில் வைத்தார்கள். பத்து மணிக்குக் கேரம் ஆட ஆள் வந்தது. பீரோவிலிருந்து புடவை எடுக்கப் போன மனைவியிடம், ஆட்டம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கடைக்காரர் செயலாளரிடம் ஓடினார்.

"திரும்ப எடுத்துக்கலாமே, தாராளமா" என்றார் செயலாளர். "பொதுக்குழுவுல முக்கால்வாசிப் பேர் கை தூக்கினாப் போதும்."

மூன்று மணிக்குப் பொதுக்குழு அவருடைய படுக்கையறையிலேயே கூடியது. அவரும் மனைவியும் கை தூக்கினார்கள். வேறு ஒரு கையும் எழவில்லை.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் பல் டாக்டர். "இந்தக் கட்டடத்துல இப்படிக் காத்து வர்ற இடம் வேற இல்ல."

அடுத்த தீர்மானமும் உடனே நிறைவேறியது. புது வசதி ஒன்று கூடியிருப்பதால் மெயின்டனன்ஸ் அடுத்த மாதத்திலிருந்து உயரும். கடைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

மகள் போன் செய்தாள். வண்டி ஏறிவிட்டாளாம், அரை மணியில் வந்துவிடுவாளாம். "அப்பா, ரூம் ரெடியா? பாப்பா வழியெல்லாம் தூங்கவே இல்ல."

"ரெடிம்மா" என்றார். அதற்குமேல் வீட்டில் நிற்க முடியாமல் கீழே இறங்கி, வாசல் பெஞ்சில் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடக்கி வைத்த அழுகை அங்கே வந்துவிட்டது.

"பச்சைக் குழந்தைக்குப் படுக்க இடமில்லாமப் பண்ணிட்டேங்க" என்றார். "என் கையாலயே எழுதிக் குடுத்துட்டேன். நீங்க குடுத்து வச்சவர். வீடும் இல்ல, மெயின்டனன்ஸும் இல்ல, நிம்மதியா உக்காந்திருக்கீங்க."

வாட்ச்மேன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"எனக்கு மூணு ரூம்லயும் ஒழுகிச்சு சார், மூணு லெட்டர் எழுதிக் குடுத்தேன், இப்ப நூலகம்னு சொல்றாங்களே, அதுக்கு மெயின்டனன்ஸ் கட்டத்தான் இந்த வேலைக்கே சேர்ந்தேன்."