பதாகைக்கு அடியில் ஒரு பீப்பாய்

புளத்கொகுபிட்டிய,
செவ்வாய்க்கிழமை.

என் அருமை மருமகள் பிரஷாந்தினிக்கு,

உன் மாமா பழனிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தை புஷ்பமும் சுகம். அத்தை பத்து நாளாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர. உன் சுகத்தையும் உன் ஆய்வுகூடத்துக் கிருமிகளின் சுகத்தையும் அறிய ஆவல். அடுத்த வியாழனுக்குள் நீ ஒரு சான்றுக் கடிதம் அனுப்பாவிட்டால், உன் மாமா கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் என்று கேகாலைக் கோர்ட்டில் முடிவாகிவிடும். பதறாமல் படி.

எல்லாம் உன் தம்பி ஜனகன் கல்யாணத்தில் தொடங்கியது. பந்தியில் நீ என்ன சொன்னாய்? ஒரு கிருமியின் ஜீனை எடுத்து இன்னொரு கிருமிக்குள் வைத்தால், அது நார்ச்சக்கையைக்கூடத் தின்று எத்தனோல் எரிபொருள் தரும் என்றாய். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஓட்டோவோடு மூன்று நாள் வரிசையில் கிடந்தவன் நான். எனக்கு அதற்குமேல் சோறு இறங்குமா? "எனக்கு ஒரு போத்தல் தாம்மா" என்றேன். "ஐயோ மாமா, அது லேபை விட்டு வெளிய வரவே கூடாது" என்றாய். சரி, நாமே உண்டாக்கினால் போச்சு என்று வந்துவிட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் டீமேக்கராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்ற திமிர்தான், வேறென்ன.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய குச்சியும் இலையும் மலை முழுக்கச் சும்மா கிடக்கின்றன. அதை இடித்து, வாழைத்தண்டு சேர்த்து, பிளாஸ்டிக் பீப்பாயில் ஊறப்போட்டேன். கிருமிக்கு எங்கே போவது? ஒரு சட்டித் தயிர் வாங்கி ஊற்றினேன். முதல் வாரம் சீனி, அடுத்த வாரம் பாதிச் சீனி, பிறகு வெறும் குச்சி. நீ ஜீனை மாற்றினாய், நான் பழக்கத்தை மாற்றினேன். சீனியை நிறுத்திய அன்று அதுகளை நினைக்கப் பாவமாகக்கூட இருந்தது. உருட்டிய கொழுந்தைக் காற்றாடப் பரப்பி மூக்காலேயே பதம் பார்த்தவன் அல்லவா, பீப்பாயையும் மூடவில்லை. மணிக்கொரு தரம் கிளறிக் காற்றுக் கொடுத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். ஈ விழாமலிருக்க மேலே ஒரு துணி. கைக்கு அகப்பட்டது, நான் பதினொரு வருடமாகச் செயலாளராக இருக்கும் சங்கத்தின் 'மதுவை ஒழிப்போம்' பதாகை.

வாசம் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கப் போனது. முதலில் வந்தவன் அந்தனி. நான் பதினொரு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கும் அதே அந்தனிதான், கையில் கோப்பையோடு. "டீமேக்கரையா, சங்கத்துல இப்படியொரு பிரிவு இருக்குன்னு சொல்லவே இல்லியே!" அடுத்து வந்தது பொலிஸ் ஜீப். சார்ஜன்ட் பதாகையைப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். நானே மொழிபெயர்த்தேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "கசிப்புக்கு ஊறப்போட்ட கோடாதானே, மாத்தயா?" "இல்ல சேர், பெட்ரோல்" என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள் என்று நினைக்கிறேன். லயமே வாசலில் நின்று பார்த்தது. வெட்கத்தில் செத்துப்போனேன், பிள்ளை. பிணைக்குக் கையெழுத்துப் போட வந்த ஒரே ஆள் அந்தனி. அன்றைக்கு அவன் குடிக்கவும் இல்லை.

ஆகவே, "என் மாமாவின் பீப்பாயில் இருந்தது குடிக்கும் சாராயம் அல்ல, வண்டி ஓட்டும் எத்தனோல்" என்று முத்திரை குத்தி உடனே அனுப்பு. என் மானம் உன் கையில். உன் ஆராய்ச்சி ஓங்கட்டும், உன் கிருமிகளாவது சொன்னபடி கேட்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா பழனிமுத்து,
ஓய்வுபெற்ற டீமேக்கர், செயலாளர் (இப்போதைக்கு).

பி.கு: கவரை ஒட்டும் நேரத்தில் என் வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணி போன் எடுத்தார். பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதாம். பீப்பாயில் மதுசாரம் மருந்துக்கும் இல்லை, அத்தனையும் புளித்த காடி, வினாகிரி. "காத்துப் பட்டா புளிக்காம என்னாங்கையா செய்யும்? மூடி வைக்கணும்னு என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்கிறான் அந்தனி. இனி நீ எத்தனோல் என்று எழுதினால்தான் நான் உள்ளே போவேன். ஆகையால் மேலே கேட்டதை மறந்துவிடு. "என் மாமாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு மண்ணும் தெரியாது" என்று மட்டும் எழுதி அனுப்பு. அதற்கு நீ பொய் சொல்லவும் வேண்டியதில்லை.