உங்கள் வேகத்தில் நாற்பது மணி நேரம்

ஆசிரியரே இல்லாமல் நடத்திவிடக்கூடிய ஒரே பாடம், ஆசிரியர்களுக்கு நடத்தும் பாடம்தான். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் பல்கலைக்கழகத்தையே சேரும். 'மாணவரை வகுப்பில் இருத்தும் கலை' என்ற இணையவழிப் பயிற்சி, நாற்பது மணி நேரம். அவரவர் இடத்தில், அவரவர் வேகத்தில், முழுச் சுதந்திரத்தோடு கற்கலாம். முப்பதாம் தேதிக்குள் முடிக்காதவருக்குப் பதவி உயர்வு மட்டும் கிடையாது.

புள்ளியியல் உதவிப் பேராசிரியர் கடமை தவறாதவர். ஒன்பது வருடமாக இணைப் பேராசிரியர் நாற்காலியைக் கண்ணாலேயே துடைத்துக்கொண்டிருந்தவர். மாணவரை வகுப்பில் இருத்துவது எப்படி என்று கற்பதற்காக, முதல் வேலையாக மூன்று வாரத்துக்கு வகுப்புகளை ரத்து செய்தார். 'அவரவர் வேகத்தில் படித்துக்கொள்க. நோட்டில் கையெழுத்து வேண்டுவோர் என் வீட்டுக்கு வருக' என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

பயிற்சியில் ஒரே ஒரு தொல்லை. நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை திரை, 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். அரை நிமிடத்துக்குள் 'இருக்கிறேன்' என்பதைத் தட்டாவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படிச் சத்தியம் செய்யும் நிலையில் அவர் இருந்ததில்லை. மடிக்கணினியை மனைவியிடம் ஒப்படைத்தார்.

"ஏங்க, நான் தட்டினா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தானே நடக்குது" என்று சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்.

அம்மையார் பீன்ஸ் நறுக்கியபடியே தட்டினார். கைதான் பீன்ஸில் இருந்தது, காது சும்மா கிடந்தது. 'மாணவரின் கண்ணைப் பாருங்கள்', 'விடையைச் சொல்லாதீர்கள், கேள்வியைக் கேளுங்கள்' என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. தேர்வுகளையும் அவரே எழுதினார். எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. பேராசிரியர் தன் திறமையைக் கண்டு தானே வியந்தார்.

இருபத்தெட்டாம் தேதி, கடைசிப் பாடத்தோடு ஒரு கட்டளை வந்தது: 'உங்கள் வகுப்பின் பதினைந்து நிமிடப் பதிவை அனுப்புக.' இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்புக்குப் போனார். முப்பத்திரண்டு நாற்காலி, ஒரு தலை இல்லை. அட்டெண்டர் மட்டும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பசங்க எங்கப்பா?"

"உங்க பசங்களா சார்? தெனம் மூணு மணிக்கு உங்க வீட்டுக்குத்தானே போறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மூன்று மணிக்கு நடப்பது எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆட்டோ பிடித்து ஓடினார். வாசலெங்கும் செருப்பு. கையெழுத்துக்கு வந்து காத்திருந்த பிள்ளைகளிடம் அவர்கள் நோட்டையே புரட்டி அம்மையார் பொழுதுபோக்காகக் கேள்வி கேட்கத் தொடங்க, அது வகுப்பாகவே முற்றியிருந்தது.

"பானையக் கிளறாம, மேலாப்புல ஒரு சோத்த எடுத்துப் பாத்துட்டு, பதம் சரின்னு விட்டா என்னாகும்?"

"அடிப் பிடிச்சிருக்கும் மேடம்" என்றாள் சுவரோரப் பெண்.

"அப்ப உங்க புள்ளியியல்ல மாதிரி, அதான் சாம்பிள், எடுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"கிளறணும்" என்றது கூடம் மொத்தமும்.

பதினொரு வருடமாகப் பேராசிரியர் இதையே வாசித்து எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு கொட்டாவியைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

ஆனாலும் அவர் கலங்கவில்லை. 'உங்கள் வகுப்பு' என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? வகுப்பு அவருடையது, மாணவர் அவருடையவர், வீடு கூட அவருடையதுதான். மனைவியின் கைபேசியை அலமாரி மேல் சாய்த்துப் பதிவை ஓடவிட்டார். தன் கைபேசியில் மிச்சமிருந்த கடைசிப் பாடத்தைத் திறந்துகொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று தட்டினார்.

முப்பதாம் தேதி சான்றிதழ் வந்தது. மறுவாரம் நாற்காலியும் வந்தது. சான்றிதழோடு மதிப்பீட்டாளர் குறிப்பு ஒன்றும் இணைந்திருந்தது. புதிய இணைப் பேராசிரியர் அதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்:

'ஆசிரியை மிகச் சிறப்பு. மாணவர் அனைவரும் பாடத்தில் ஒன்றியிருந்தனர். பின்வரிசையில் அமர்ந்த வயதான மாணவர் ஒருவர் மட்டும் பாடத்தைக் கவனிக்காமல் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரை அன்போடு அணுகவும்.'

மணி மூன்று. வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. அம்மையார் எழுந்து, கடைசி வரிசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க. நீங்க உங்க வேகத்துலயே வாங்க."