மரியஅந்தோணியின் கர்ப்பமின்மைச் சான்று

மருந்து யாரையும் கொன்றுவிடக் கூடாது என்பதில் மேலிடத்துக்கு மிகுந்த அக்கறை. நோய் கொன்றால் அது வேறு துறை. இந்த அக்கறையின் பொருட்டு விழுப்புரத்தில் 2014-ம் வருடம் அபாய மருந்துக் கண்காணிப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டார்கள். மருந்து பிறகு வந்து சேர்ந்தது.

கிளியனூர் மரியஅந்தோணிக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம். போர்வெல் போடும் லாரியில் நின்று ஊருக்கே கேட்கும்படி அதட்டிய மனிதர், இப்போது வாசலிலிருந்து தெருக்குழாய் வரை போவதற்குள் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். மாதாமாதம் அந்தப் பிரிவு தரும் மாத்திரைதான் அந்த அளவுக்காவது நடமாட வைத்திருந்தது. அந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. நியாயமான எச்சரிக்கை. புதிதாக வந்த அதிகாரி அரங்கநாதன் அதைப் படித்துவிட்டதுதான் வில்லங்கம்.

"கர்ப்பமின்மைச் சான்று எங்க?"

மரியஅந்தோணி மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

"சார், நான் ஆம்பள சார்."

"எனக்குத் தெரியுதுய்யா. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே! 'நோயாளிகள் அனைவரும்'னு சுற்றறிக்கை சொல்லுது. ஆம்பளைங்க நீங்கலாகன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. அதை எழுதியவருக்கு இப்படியொரு அரங்கநாதன் பிறந்திருப்பது தெரியாது.

கையில் இருந்த மாத்திரை தீரப் போகிறது. மனைவி இன்னாசியம்மாள் அவரைத் திண்டிவனத்தில் ஒரு தாய்சேய் நல நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே நர்ஸ் ஜெயம் விழுந்து விழுந்து சிரித்தாள். அரங்கநாதன் கொடுத்தனுப்பிய கடிதத்தின் கீழே முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"டெஸ்ட் எடுக்கணும்னா கர்ப்பிணிப் பதிவு எண் வேணும்ணே."

"கர்ப்பம் இல்லன்னு எழுதி வாங்கத்தானம்மா வந்துகீறேன்?"

"இல்லன்னு சொல்றதுக்கும் மொதல்ல பதியணும். பதியாத ஆளுக்கு இல்லன்னு எப்படிண்ணே சொல்றது?"

"பதிஞ்சுக்கய்யா, ஜல்தி," என்றாள் இன்னாசியம்மாள். "மானம் பாத்துக்கினு இருந்தா மூச்சு நின்னுடும்."

பதிந்தார்கள். எத்தனையாவது மாதம் என்று கேட்ட கம்ப்யூட்டர், கட்டத்தைக் காலியாக விட்டால் நகர மாட்டேன் என்றது. அந்த மாதம் ஏழாம் மாதக் கர்ப்பிணிகள் இலக்குக்குக் குறைவாக இருந்ததால் ஜெயம் ஏழு என்று போட்டாள். பிறகு முறைப்படி பரிசோதித்து, கர்ப்பம் இல்லை என்று சான்றும் கொடுத்தாள்.

மறுபடி விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மாத்திரை சுத்தமாகத் தீர்ந்திருந்தது. மரியஅந்தோணியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அரங்கநாதன் சான்றைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பேப்பர் இல்லங்குது. கம்ப்யூட்டர் ஏழு மாசம்ங்குது. சந்தேகம்னு வந்தா நாம குழந்தை பக்கம்தான் நிக்கணும். அவரைப் பாருங்க, மூச்சு வேற வாங்குது. ஏழாம் மாசத்துல அப்படித்தான் இருக்கும்."

"அப்ப பிரசவம் ஆயிடுச்சின்னு போட்டுக்கோங்க சார்," என்றார் மரியஅந்தோணி, ஈனக் குரலில்.

"தாராளமா போடலாம். ஆனா பால் குடுக்கிற தாய்மாருக்கும் இந்த மாத்திரை ஆகாதே!"

இன்னாசியம்மாள் முன்னால் வந்து நின்றாள். "மாத்திரை இல்லாம இவரு செத்துட்டாருன்னா?"

"அப்ப பதிவு தானா ரத்தாயிடும்மா. நீங்க அலைய வேணாம்," என்று ஆறுதல் சொன்னார் அரங்கநாதன்.

பின்னால் வரிசை கொதித்தது. அத்தனை பேரும் அதே நோய்க்காரர்கள், அத்தனை பேருக்கும் இளைப்பு. ஆனால் திட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் மூச்சு இருந்தது.

"யோவ், பேஜாரு பண்ணாத! புள்ளத்தாச்சிங்களுக்குத்தான் தனி பெஞ்சு போட்டு வச்சிருக்காங்களே, அங்க போய் குந்துய்யா!"

சுவரைப் பிடித்துக்கொண்டு மரியஅந்தோணி அந்த பெஞ்சுக்குப் போனார். அங்கே நாலைந்து மீசைக்காரர்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உங்களுக்கு எத்தினி மாசம்?"

பதில் சொல்ல மரியஅந்தோணிக்கு மூச்சு இல்லை. ஏழு விரலை விரித்துக் காட்டினார்.