தங்கமீனுக்கு உயிர் உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகரைத் திரும்பவும் வகுப்புக்குள் விடுவது ஆபத்து. அவருக்கு எல்லா நடைமுறையும் தெரியும்; நிறுத்தத்தான் தெரியாது. வேறு யாரையும் குத்திக்காட்டவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் பேத்தி அபிநயா படிக்கும் பள்ளிக்கூடத்தில், தரம் நான்குக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்தக் கேட்டார்கள். உயிருள்ளவை, உயிரற்றவை. பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லக்கூடாது. முதலில் அவர்கள் நினைப்பதைக் கேட்க வேண்டும். பிறகு அவதானிக்கவிட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். இந்த முறையை எத்தனையோ ஆசிரியர்களுக்குப் போதித்திருக்கிறேன். (பலர் அதன் பிறகு என்னைக் கண்டால் காலி வீதியின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார்கள்.)

பாடத்துக்கு உயிருள்ள ஒன்று வேண்டும். வீட்டில் இருந்தது அபியின் தங்கமீன். என் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. தான் வருமட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருந்தான். அபியிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். பத்திரமாகத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

மீனை ஜாம் போத்தலில் விட்டு, பிள்ளைகள் விரலை விடாதபடி இறுக மூடி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் வைத்தேன். பாடம் அருமையாகப் போனது. வெயிலும் ஏறியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நல்ல அவதானம், எழுதுங்கள் என்றேன்.

அபி எழுதவில்லை. "சேர், தண்ணி சுடுது. மாத்துவமே?" (பள்ளிக்கூடத்தில் 'அப்பப்பா' இல்லை, 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் கட்டளை.)

"பரிசோதனை நடக்கேக்கை நடுவிலை ஒண்டையும் மாத்தக்கூடாது, பிள்ளை."

கொஞ்ச நேரத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. முன்வரிசைப் பையன் அது செத்துவிட்டது என்றான். விட்டேனா? ஆதாரம் கேட்டேன். அசையவில்லையாம்.

"நித்திரை கொள்ளேக்கை நீயும்தான் அசையிறேல்லை. நீ உயிரற்றதோ?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அபி எழுந்து வந்து மூடியைத் திறந்தாள். விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பப்பா, ஆதாரம் காணுமே, இன்னும் வேணுமே?"

எனக்காகத் தயாரித்திருந்த நன்றியுரையை வகுப்பாசிரியை வாசிக்கவில்லை.

பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து போய் இருவருமாகச் செத்த மீனைக் கடலில் விட்டோம். அது நன்னீர் மீன் என்று சொல்ல வாயெடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்லாமல் விட்டேன். அன்று அவளுடைய அப்பா அழைத்தபோது அபி கதைக்க வரவில்லை. நான்தான் சொன்னேன். வேறு மீன் வாங்கலாமே என்றான் மகன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது நான் கதிரையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தால் மருமகள் குரல் கொடுப்பாள்: "மாமா அசையிறேல்லை, ஆதாரம் எடுங்கோ." எல்லோரும் சிரிப்பார்கள், கட்டாரிலிருந்து கைபேசித் திரையில் மகனும். அபி மட்டும் சிரிப்பதில்லை. எழுந்து வந்து என் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பாள். நான் கண்ணைத் திறப்பதில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் பலமாக விடுவேன்.