சும்மா அண்ணன் கொடுத்த படங்கள்

கோயமுத்தூர் ஜில்லாவில் யாரும் கேட்காத பொருளை, யாருக்கென்றே தெரியாமல், ஒருநாள் விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் எங்கள் சும்மா அண்ணன்தான். அவருடைய நிஜப் பெயர் எனக்கு அவர் மனைவி இறந்த அன்றுதான் தெரிந்தது. அதுவும் பேனரில் 'வருந்தும் கணவர்' என்ற வரிக்குக் கீழே போடுவதற்காகக் கேட்க வேண்டி வந்ததால்.

போத்தனூரில் நான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. அண்ணன் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டியவர். பட்டறையை மூடிய பிறகு அவரிடம் ஒரு நல்ல செல்போனும் வேண்டிய மட்டும் நேரமும் இருந்தன. பொழுதுபோக என் கடை ஸ்டூலில் வந்து உட்காருவார். பேனருக்குத் தாமரை, புறா, மெழுகுவத்தி எல்லாம் நான் ஓர் இலவசப் பட இணையதளத்திலிருந்து இறக்குவதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"இதெல்லாம் ஆருங்க தம்பி குடுக்கறது?"

"ஆரோ எடுத்துப் போடறாங்ணா. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதானுங்ணா."

"அப்ப நாம எடுத்துட்டே இருந்தா நல்லாவாங்க இருக்குது?"

நான் இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டே இருந்தவன். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. மறுநாள் காலையில் அவர் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைப் படம் எடுத்து அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிமெண்டு மூட்டை, சோப்புக் கட்டி, தென்னமட்டை, கொள்ளு கொதிக்கும் குண்டா, புண் ஆறிவரும் சொந்த முழங்கால் என்று கண்ணில் பட்டதெல்லாம் போனது. ஒவ்வொரு படத்துக்கும் தேடுவோர் வசதிக்காக இரண்டு மூன்று சொற்கள் எழுத வேண்டும். மற்றவர்கள் 'மரம், பச்சை' என்று எழுதுவார்கள். இவர் 'மச்சான் தோட்டத்துத் தென்னை, காய் கொறைவு, தண்ணி பத்தல' என்று எழுதுவார். அப்படி எவன் தேடுவான்? ஆனாலும் எடுத்தார்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று தளம் காட்டும். சிலர் ராசிபலன் பார்க்கிற மாதிரி அவர் காலையில் அதைப் பார்ப்பார்.

"தம்பி, என்ற முழங்காலை நேத்து மூணு பேரு எடுத்துட்டுப் போயிருக்கறாங்க. ஆரா இருக்கும்?"

"மூட்டுவலி டாக்டருங்களா இருக்கும்ங்ணா."

"இருக்கட்டும்ங்க. நல்லா இருக்கட்டும்."

படத்தை ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவார். "எடம் அடைக்குதுங்க. அங்கதான் பத்திரமாக் கெடக்குதல்ல" என்பார். எனக்கும் அதே பழக்கம்தான். இறக்கிய படத்தை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவேன். இது பின்னால் இரண்டு பேர் தலையிலும் வந்து விடிந்தது.

அவர் மனைவி சரசக்காவை அப்போது நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். அதை மறைக்க எப்போதும் முந்தானையை வாய்மேல் பிடித்துக்கொண்டுதான் பேசுவாராம். அண்ணன் போனை எடுத்தாலே சமையல்கட்டுக்குள் போய்விடுவாராம். ஒருமுறை பவானி கூடுதுறைக்குப் போயிருக்கிறார்கள். பரிசலைப் படம் எடுக்கிறேன் என்று அண்ணன் பாசிப் படியில் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். போன் மட்டும் நனையாமல் கையைத் தூக்கிக்கொண்டவர், அந்த நிலையிலும் பொத்தானை அழுத்திவிட்டார். படியில் நின்ற சரசக்கா முந்தானையை மறந்து சிரித்த படம் அது. வழக்கப்படி ஏற்றி, வழக்கப்படி அழித்தார். அந்தப் படத்துக்கு மட்டும் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: சிரிப்பு.

அந்த வாரம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரர் ரோட்டோரப் பலகைக்கு, நம்ம ஊர் முகமாக, சிரிக்கிற பெண் வேண்டும் என்றார். 'சிரிப்பு' என்று தேடினேன். கிடைத்தது. யார் போட்டது என்று பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. தெத்துப்பல்லைக் கம்ப்யூட்டரிலேயே இழுத்து வரிசையில் நிறுத்தி, எல்லாப் பல்லையும் வெளுத்து, பத்தடி உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் அண்ணன் மொபெட்டின் பின்னால் ஓர் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு நேராக வருகிறார்கள். நான் பலகையில் ஏற்றியது அண்ணன் மனைவியை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்தபடி சொன்னார்: "நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா அது நானில்லீங்க."

கழற்றிவிடுகிறேன் என்றேன். "இருக்கட்டும்ங்க, ஆருக்காச்சும் உபயோகமாகும்" என்று அண்ணன் தடுத்துவிட்டார். அதன்பிறகு வழியில் எங்கே என்னைப் பார்த்தாலும் அக்கா முந்தானையை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இதற்கிடையில் தளத்துக்காரர்கள் கம்பெனி பெயர் தெரியும் படங்களைப் போடக்கூடாது என்று இங்கிலீஷில் மூன்று கடிதம் அனுப்பினார்கள். அண்ணன் பாராட்டு என்று நினைத்து மூன்றுக்கும் 'மிக்க நன்றிங்க' என்று பதில் போட்டிருக்கிறார். நாலாவது கடிதத்தோடு கணக்கை மூடி, அத்தனை படத்தையும் அழித்துவிட்டார்கள். மறுநாள் புதுக் கணக்கு திறந்து அதே செருப்பிலிருந்து ஆரம்பித்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், அடுப்பில் பால் வைத்த சரசக்கா அப்படியே சாய்ந்து போய்விட்டார்.

பத்து மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தார். சொந்தக்காரர் யாரையாவது அனுப்பியிருக்கலாமே என்றேன். "அவங்களுக்கு அவ மூஞ்சி சரியாத் தெரியாதுங்க" என்றார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் பேனர் வேண்டும். கையில் இரண்டு படம் கொண்டுவந்திருந்தார். கல்யாணப் படத்தில் குனிந்த தலையின் வகிடு மட்டும் தெரிந்தது. மற்றது ஆதார் அட்டை.

"இதை வெச்சா எழவுக்கு வந்தவங்க ஊடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிருவாங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அசல் படம் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, தளத்திலும் இல்லை. மிச்சமிருந்தது பல் ஆஸ்பத்திரிப் பலகைக்கு நான் செய்து வைத்திருந்த படம் மட்டும்தான். திறந்தேன். விலாசத்தையும் விளம்பர வாசகத்தையும் அழித்தேன். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு இல்லீங்களே தம்பி. அது இல்லாம அவளை எப்படிங்க அனுப்பறது?"

இத்தனை வருஷத்தில் கறுப்பை வெளுப்பாக்கியிருக்கிறேன், வழுக்கையில் முடி நட்டிருக்கிறேன், செத்தவர்களுக்குப் பத்து வயது குறைத்திருக்கிறேன். நேராக இருந்ததைக் கோணலாக்கியதே கிடையாது. அவர் நாற்காலியை ஒட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். லேத்தில் மயிரிழை அளவு பார்த்த ஆள்.

"இன்னுங் கொஞ்சம் முன்னால வரோணும்ங்க."

"இப்பங்ணா?"

"அது சாஸ்தி. துளி உள்ள தள்ளுங்க. பக்கத்துப் பல்லு மேல லேசா ஏறி நிக்கும்."

சுண்டுவிரலைத் தன் பல்மேல் சாய்த்து வைத்துக் காட்டினார். மஞ்சள் நிறம் கொஞ்சம் வேண்டும் என்றார். கொடுத்தேன். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. திடீரென்று மவுஸ் மேலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்ங்க. வந்துட்டா."

பேனரை நானே கொண்டுபோய்த் தெருமுனையில் கட்டினேன். அக்காவின் முகத்தை நேரில் முழுதாக அன்றைக்குத்தான் பார்த்தேன், ஐஸ் பெட்டிக்குள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணன் வந்து, அந்தப் படத்தை மறுக்கா தளத்தில் ஏற்ற வேண்டும் என்றார். அக்காவுக்குப் பிடிக்காதே என்றேன்.

"நேர்ப் பல்லோட ஒருத்தி ரோட்டுல நின்னுட்டிருக்கறா. இவளும் எங்காச்சும் நிக்கட்டும்ங்க."

'சிரிப்பு' என்று எழுதி ஏற்றினார். யாரும் எடுக்கவில்லை. தெத்துப்பல் யாருக்கு வேண்டும்? தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இல்லீங்க" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். பதினொரு நாள் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மொபெட்டை நிறுத்துவதற்கு முன்பே சொன்னார்: "ஒருத்தர் எடுத்திருக்கறாங்க தம்பி. ஆரா இருக்கும்?"

"தெரியலீங்களேண்ணா."

இப்போது தினமும் கடை திறந்ததும், சாமிக்கு ஊதுவத்தி வைப்பதற்கு முன்னால், அந்தப் படத்தை ஒரு தடவை இறக்கிக்கொள்கிறேன். என் கம்ப்யூட்டரில் சரசக்கா நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டார். ஒருவரைக்கூட அழிக்கவில்லை.