தனியே இழுக்கும் மாடு

1934 பெப்ரவரி 12ஆம் திகதி, கண்டிக்கு அடுத்த குண்டசாலையில் ஒரு பால் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து புல் கிளறும் இயந்திரம் வந்து சேர்ந்தது. இரண்டு சக்கரங்கள், பின்னால் ஆறு இரும்புக் கவைகள். சக்கரம் உருண்டால், வெட்டிக் கிடக்கும் புல்லைக் கவைகள் உதறிக் காயவிடும்.

அதை ஒற்றைக் குதிரை இழுக்க வேண்டும். பண்ணைத் துரையின் குதிரை நொண்டிக்கொண்டிருந்தது. பண்ணையின் வண்டி மாடுகள் சோடியில்லாமல் நகரமாட்டா. தற்காலிக மேற்பார்வையாளர் நடராஜா, தனியே இழுத்துப் பழகிய மாடு ஒன்று வேண்டுமென்று அக்குறணை வியாபாரி மக்கீனுக்குச் சொல்லியனுப்பினார். பின்னேரம் துரை வருவார். இயந்திரம் ஒழுங்காக ஓடினால் நடராஜாவின் வேலை நிரந்தரம்.

மக்கீனின் ஆள் தாஸிம் மாட்டை விட்டுவிட்டுப் போனான். சாதுவான மாடு. இரும்புச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய் இடப்பக்கம் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"இடது சில்லு இறுகிக் கிடக்குது," என்றார் நடராஜா. "கிறீஸ் பூசு."

கூலியாள் அழகர் பூசினான். மறுபடியும் வட்டம்.

"புது மிசினுங்க. எலுமிச்சங்கா நசுக்காம ஓட்டினா இப்படித்தான்."

"விசர்க் கதை கதையாதை." சிறிது நேரம் கழித்து, "எத்தினை காய் வேணும்?" என்றார்.

பழம் நசுங்கியது. வட்டம் மாறவில்லை.

நடராஜா இடப்பக்கக் கவைகளை உயர்த்தினார். அந்தப் பக்கத்துப் புல் ஈரமாகவே கிடந்தது. வலப்பக்கத்தைத் தாழ்த்தினார், கவைகள் மண்ணை வாரி அழகர் மேல் இறைத்தன.

"ஐயா, நெல்லா போடப் போறோம்?"

"வாயை மூடிக்கொண்டு சுத்தியலைத் தா."

முன்னால் மாட்டைப் பூட்டும் ஏர்க்கால் இரண்டையும் கழற்றி, வலப்பக்கம் கோணலாக வைத்து, அடித்து முறுக்கினார். இயந்திரம் வலப்பக்கம் இழுத்தது. மாடு அதற்கு மேலாக இடப்பக்கம் இழுத்து, வட்டத்தை இன்னும் சிறிதாக்கியது.

துரையின் கார் வந்து நின்றபோது, வயல் நடுவே வட்டமான பாதை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வெளியே புல் முழுவதும் பச்சையாகக் கிடந்தது.

மாட்டைக் கூட்டிப்போக வந்த தாஸிமிடம் நடராஜா கேட்டார்: "தாஸிம் காக்கா, இந்த மிசினிலை என்ன பிழையெண்டு உமக்கு ஏதும் விளங்குதா?"

"மிசினப் பத்தி எனக்கென்ன தெரியும் ஐயா. மாடு நல்லாத்தானே நடக்குது." தாஸிம் அதன் முதுகைத் தடவினான். "நீங்க தனிய இழுக்கிற மாடு கேட்டீங்க. இது எட்டு வருஷமா எங்கட மொதலாளிட எண்ணெச் செக்கத் தனியத்தான் இழுக்குது."

மறுநாள் குதிரையின் கால் குணமாயிற்று. குதிரை நேராக நடந்தது. இயந்திரம் அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது.

வேலை நிரந்தரமாகவில்லை.